ஒரு ஆடி மாசம், ஒரே லென்ஸ், கோட்டு போட்ட தாத்தா

முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடறேன் மக்களே. நம்ம ஆரணி பட்டுப்புடவை ஆரணி இல்லை. அது திருவண்ணாமலை மாவட்டம். நம்மளது திருவள்ளூர் மாவட்டம், பெரியபாளையம் பக்கத்துல ஆத்தங்கரையில இருக்கற ஆரணி. கொரியர்காரர்லேர்ந்து கல்யாணத் தரகர் வரைக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. காலேஜ்ல ஒருத்தன் நாலு வருஷமும் "மச்சி, ஊருக்குப் போனா அம்மாவுக்கு ஒரு பட்டு வாங்கிட்டு வாடா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அவன் இதைப் படிப்பான்னு தெரியும். உனக்குப் பட்டு கிடையாது ராசா.

சரி, மேட்டருக்கு வர்றேன். 2025 ஆடி மாசம் ஒண்ணாந்தேதிலேர்ந்து (இங்கிலீஷ் கணக்குல ஜூலை 17) ஆடி 31 வரைக்கும் ஒரே கேமரா, ஒரே லென்ஸ் வெச்சு தினமும் படம் எடுத்தேன். எடுத்து முடிச்சதும் ஒரு கருத்து வந்துடுச்சு. கருத்து வந்தா பதிவு போடணும்ல, அதான் நம்ம குலவழக்கம் :-)

இப்படி ஒரு மாசம் எடுத்தா போட்டோ நல்லா வரும், கண்ணு தெளியும், கம்போசிஷன் தானா வரும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலை. நடந்தது வேற. அதைப் பத்தி யாரும் எழுதி நான் படிச்சதில்லைங்கறதால நான் எழுதறேன்.

எதுக்கு ஆரம்பிச்சேன்னு சொல்லிடறேன். போன தை மாசம் எங்க தாத்தா தவறிட்டார். எண்பத்தி ரெண்டு வயசு, கல்யாண சாவுதான். நெசவுக்காரர், அறுபது வருஷத்துக்கு மேல குழித்தறியில கால் மிதிச்ச ஆளு. காரியத்துக்கு முன்னாடி மாலை போட ஒரு போட்டோ வேணும்னு சித்தப்பா கேட்டார். "நீதான் எப்பப் பாத்தாலும் படம் எடுப்பியே, உன் போன்ல இருக்கும் பாரு"ன்னார். தேடினேன். என் போன்ல இருந்த படம் மொத்தம் 14,000 சொச்சம். பிரியாணி இருக்கு. ஆபீஸ் ஒயிட்போர்டு இருக்கு, அதுவும் ஒரே போர்டு எட்டு தடவை. ஏலகிரி மலை இருக்கு. பார்க்கிங்ல வண்டி எங்க நிறுத்தினேன்னு ஞாபகம் வெச்சுக்க எடுத்த தூண் நம்பர் முப்பது நாப்பது இருக்கு. தாத்தா மூணு படத்துல இருக்கார். ஒண்ணுல முதுகு. ஒண்ணுல அக்கா குழந்தையோட பிறந்தநாள் கேக்குக்குப் பின்னாடி பாதி மொகம். மூணாவதுல ஆடிட்டார், தெளிவாவே இல்லை.

கடைசியில வோட்டர் ஐடியை எடுத்துக்கிட்டு பஜார்ல இருக்கற ஸ்டுடியோவுக்கு ஓடினோம். ஸ்டுடியோ அண்ணன் ஸ்கேன் பண்ணி, பெருசாக்கி, பின்னாடி நீலக்கலர் போட்டு, ஒரு மணி நேரத்துல பிரேம் போட்டே குடுத்துட்டார். அவசரத்துக்கு அவ்வளவு செஞ்சதே பெருசு. ஆனா படத்துல தாத்தா கோட்டு போட்டிருந்தார். கோட்டு, டை. உள்ள வெள்ளைச் சட்டை. வாழ்நாள் பூரா முண்டா பனியனும் நாலு முழ வேட்டியுமா இருந்த மனுஷன், ஏதோ பேங்க் மேனேஜர் மாதிரி சுவத்துல மாட்டியிருக்கார். ஆயா அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலை. ஒரு வாரம் கழிச்சு மெதுவா கேட்டாங்க: "யார்ரா அது?"

இன்னி வரைக்கும் அந்தக் கேள்வி எனக்குக் குத்திக்கிட்டேதான் இருக்கு.

இப்ப கேமரா. ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர் கனடா கிளம்பறப்ப நிக்கான் டி5600 ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல தள்ளிட்டுப் போனார். கூடவே 35 எம்எம் எஃப்1.8 லென்ஸ். இந்த கேமராவோட சென்சார் பழைய பிலிம் சைசை விட ஒண்ணரை மடங்கு சின்னது. அதனால 35 போட்டா கிட்டத்தட்ட 52 எம்எம் மாதிரி தெரியும். ஜூம் கிடையாது. பெருசா தெரியணும்னா நீ கிட்ட போ, சின்னதா தெரியணும்னா பின்னாடி போ, அவ்வளவுதான். நான் போட்டுக்கிட்ட ரூல்ஸ் மூணே மூணு. தினம் ஒரு படமாவது எடுக்கணும். லென்ஸ் மாத்தக்கூடாது. போன்ல எடுத்தா அது கணக்குல வராது.

இதுல புதுசா நான் எதையும் கண்டுபிடிக்கலை. மைக் ஜான்ஸ்டன்னு ஒரு அமெரிக்க போட்டோ எழுத்தாளர் 2009ல இதை எழுதி பெரிய விவாதமே ஓடுச்சு. ஒரு லைக்கா, ஒரு லென்ஸ், ஒரே வகை கருப்பு வெள்ளை பிலிம், ஒரு வருஷம். அதுதான் வாத்தியார்னார். லைக்கா விலையைப் பாத்துட்டு நான் நிக்கானே போதும்னு முடிவு பண்ணேன். ஒரு வருஷம்ங்கறதையும் ஒரு மாசமாக்கிட்டேன். நாம எப்பவுமே ஈஎம்ஐ பார்ட்டிதானே.

இன்னொருத்தர் ஜேமி லிவிங்ஸ்டன். நியூயார்க்காரர். 1979 மார்ச் 31ல ஆரம்பிச்சு தினம் ஒரு போலராய்டு. ஒண்ணே ஒண்ணு, சரியா வரலைன்னா அன்னிக்கு அதுதான். 1997 அக்டோபர் 25ல புற்றுநோய்ல சாகற வரைக்கும் எடுத்தார். ஆறாயிரத்துக்கும் மேல படம். அவரோட கடைசி வருஷப் படங்களைப் பாத்தா ஆஸ்பத்திரி, தலைமுடி கொட்டினது, நடுவுல கல்யாணம், மறுபடி ஆஸ்பத்திரி. ஒவ்வொண்ணையும் தனியா எடுத்துப் பாத்தா சுமார் படம்தான். ஒரு ராத்திரி அத்தனையும் வரிசையா பாத்துட்டு மறுநாள் ஆபீஸ்ல ஆணி புடுங்கவே முடியலை.

அப்புறம் நம்ம தமிழ்நாட்டுக் கதை. ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன் வாழ்க்கையில பெரும்பாலும் 50 எம்எம் ஒண்ணை வெச்சே ஓட்டினவர். அவர் 1950 ஏப்ரல்ல திருவண்ணாமலைல, ரமணாசிரமத்துல இருந்தார். ரமணர் அந்த மாசம் 14ஆம் தேதி மறைஞ்சார். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, உடம்பு ரொம்ப முடியாம இருந்தப்ப எடுத்த ரமணர் படங்கள் பிரஸ்ஸோன் எடுத்தவை. 50 எம்எம்ல ஒரு மொகத்தை எடுக்கணும்னா எவ்வளவு கிட்ட நிக்கணும்னு இப்ப எனக்குத் தெரியும். சாகக் கிடக்கற ஒரு பெரியவருக்கு அவ்வளவு கிட்ட ஒரு வெளியூர்க்காரரை விட்டிருக்காங்கன்னா, அந்த மனுஷன் எப்படி நடந்துக்கிட்டிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. நாம அவரோட டெக்னிக்கைப் பத்தியே பேசிட்டு இருக்கோம்.

முதல் பத்து நாள் செம மொக்கை. மறைக்காம சொல்றேன். ஆத்துக்குப் போனேன். ஆரணியாத்துக்கு ஆந்திராவுல பிச்சாட்டூர் அணை நிரம்பி வழிஞ்சு தொறந்து விட்டாத்தான் உயிர். அதெல்லாம் ஐப்பசி கார்த்திகைல. அப்ப ஊத்துக்கோட்டைலேர்ந்து பொன்னேரி வரைக்கும் தரைப்பாலம்லாம் முழுகி டிவில வரும், அப்படியே பழவேற்காடு ஏரில போய்ச் சேரும். ஆடில வெறும் மணல், கருவேல முள்ளு, ஒரு மாடு. மாட்டை எடுத்தேன். மறுநாளும் மாட்டை எடுத்தேன். மூணாம் நாள் மாடும் வரலை. ஆபீசுக்குப் போற ரெண்டு நாள் இன்னும் மோசம். செங்குன்றம் டிராபிக், கண்ணாடிக் கட்டடம், டீ கப்பு. டீ கப்பு மட்டும் நாலு படம் தேறும்.

ஜூம் இருந்திருந்தா இந்தப் பத்து நாளும் நான் நல்லா தப்பிச்சிருப்பேன். அங்கதான் விஷயமே இருக்கு.

உங்கள்ல நிறைய பேர் 2007ல தொடங்கின 'தமிழில் புகைப்படக்கலை' வலைப்பூ படிச்சிருப்பீங்க. மாசா மாசம் ஒரு தலைப்பு குடுத்துப் போட்டி வெப்பாங்க. அப்பர்ச்சர்னா என்ன, ஷட்டர்னா என்னன்னு தமிழ்ல சொல்லிக் குடுத்தாங்க. நான் காலேஜ்ல பழைய இடுகைகளைத் தோண்டித் தோண்டிப் படிச்சவன், அந்த நன்றி என்னிக்கும் உண்டு. ஆனா பொதுவா நம்ம போட்டோ ஆர்வலர்கள் எல்லார்கிட்டயும் ஒரு வியாதி இருக்கு. எனக்கும் இருந்துச்சு. ஊருக்குப் போனா ஒரு வயசானவரைப் புடிக்கறது. 200 எம்எம்ல ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து எடுக்கறது. கருப்பு வெள்ளையாக்கறது. சுருக்கமெல்லாம் தெரியற மாதிரி கான்ட்ராஸ்ட்டை ஏத்தறது. 'முதுமை'ன்னு தலைப்பு. அந்தப் பெரியவருக்குத் தன்னைப் படம் எடுத்ததே தெரியாது. அவருக்கும் ஒரு பேரன் இருப்பான், அந்தப் பேரன் போன்லயும் அவர் படம் இருக்காது.

35 எம்எம்ல அந்தத் திருட்டு நடக்காது. கணக்கு போட்டுப் பாத்தேன். ஒரு ஆளை முழுசா, கேமராவை நெட்டுக்குத்தா புடிச்சு எடுக்கணும்னா சுமார் 3 மீட்டர்ல நிக்கணும். இடுப்புக்கு மேலன்னா ஒண்ணரை மீட்டர். மொகம்னா கை நீட்டினா தொடற தூரம். அவ்வளவு கிட்ட போனா அவங்க நிமிந்து பாப்பாங்க. பாத்தா பேசணும். "என்னாத்துக்கு?"ன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் வேணும்.

பதினோராம் நாள்தான் முதல் தடவையா அந்தக் கேள்வி வந்துச்சு. எங்க பின் தெருவுல இன்னும் தறி போடற ஒரு பெரியவர், தாத்தா கூட்டாளி. உள்ள போனா இருட்டு. ஐஎஸ்ஓ 3200, எஃப்1.8, அறுபதுல ஒரு செகண்டு, அப்பவும் நாடா ஓடற கை கலங்கித்தான் வருது. அவர் தறியை நிறுத்தவே இல்லை. "என்னாத்துக்குடா இது? பேப்பர்ல போடுவியா?" "இல்ல தாத்தா, சும்மா." "சும்மான்னா?" எனக்குப் பதில் தெரியலை. கடைசில உண்மையைச் சொன்னேன், எங்க தாத்தாவுக்குக் கோட்டு போட்ட கதையை. கால் மிதிக்கறதை நிறுத்திட்டு சிரிச்சார். அப்புறம் அரை மணி நேரம் தாத்தாவைப் பத்திப் பேசினார். தாத்தா பாவு புணையறதுல கில்லாடியாம், அறுந்த இழையை இருட்டுல விரலாலயே கண்டுபிடிப்பாராம். இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கேன், இது எனக்குத் தெரியாது. அன்னிக்கு எடுத்தது மூணு படம். மூணும் ஷேக். ஆனா இந்த மாசத்துல எனக்குக் கிடைச்சது அந்த அரை மணி நேரம்தான்.

அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுலபமாச்சு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பாக்கற ஒடிசா பசங்க நாலு பேர் எங்க பக்கத்துல வாடகைக்கு இருக்காங்க. கம்பெனி பஸ்சுக்குக் காத்துக்கிட்டு நிக்கறப்ப எடுத்தேன். ஒருத்தன் தனியா வந்து, இந்த டிரஸ்ல வேணாம், ஞாயித்துக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கிட்டு வர்றேன், வீட்டுக்கு அனுப்பணும்னான். இந்தியும் தமிழும் கலந்துதான், ஆனா நல்லாவே புரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரரோட புல்லட்டைக் கேட்டு வாங்கி அதுல உக்காந்து போஸ் குடுத்தான். போட்டோ கிளப்ல காட்டினா சிரிப்பாங்க. அவங்க ஊர்ல ஒருத்தங்க அதை நூறு தடவை பாப்பாங்க. எனக்கு எது நல்ல படம்ங்கறதுல இப்பக் கொஞ்சம் குழப்பம் வந்திருக்கு.

எடுக்காம விட்டதையும் சொல்லணும். ஆடி 18, ஆகஸ்ட் 3, ஞாயித்துக்கிழமை வேற. பெரியபாளையம் பவானி அம்மன் கோயில்ல கூட்டம் நெரியுது. ராத்திரியே வந்து தங்கி, ஆடு கோழி பொங்கல்னு ரோடு பூரா அடுப்பு. வேப்பஞ்சேலை கட்டிக்கிட்டு கோயிலைச் சுத்தி வர்றது அங்க முக்கியமான வேண்டுதல். உடம்பு பூரா வெறும் வேப்பிலையைச் சுத்திக்கிட்டு, ஈரத்தோட, கண்ணை மூடிக்கிட்டு பொம்பளைங்க வருவாங்க. வருஷா வருஷம் சென்னைலேர்ந்து பெரிய லென்ஸ் வெச்சுக்கிட்டு ஆளுங்க வந்து எடுக்கறாங்க. நானும் ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்து இதே பக்கத்துல போட்டிருந்தேன், "அருமை"ன்னு பின்னூட்டமும் வந்துச்சு. இந்தத் தடவை ஒண்ணரை மீட்டர்ல போய் நின்னேன். அந்தம்மா ஏதோ வேண்டிக்கிட்டே நடக்கறாங்க, உதடு மட்டும் ஆடுது. புள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. கேமராவை எறக்கிட்டேன். வீட்டுக்கு வந்து பழைய இடுகையையும் தூக்கிட்டேன். யாராவது தேடினா, அதான் காரணம். அன்னிக்குக் கணக்குக்கு எடுத்தது ரோட்டோர அடுப்பும், பக்கத்துல தூங்கற ஒரு ஆட்டுக்குட்டியும். அதுக்கு அன்னிக்கு சாயங்காலம் என்ன ஆகும்னு தெரிஞ்சே எடுத்தேன்.

இந்த மாசம் பூரா என்னை ஓட்டினது நம்ம ஸ்டுடியோ அண்ணன்தான். ஆடில முகூர்த்தம் கிடையாதுங்கறதால அவர் கடைல ஈ ஓட்டிக்கிட்டிருப்பார். "தம்பி, தினம் போட்டோ எடுக்கறது உனக்கு வேடிக்கை. எனக்கு அதான் சோறு. ஒரே லென்ஸோட நான் மண்டபத்துக்குப் போனா பொண்ணோட அப்பா செருப்பால அடிப்பார். தாலி கட்டறப்ப ஐயர், வீடியோக்காரன், மச்சான்காரன் எல்லாரையும் தாண்டி உன்ன மாதிரி கிட்ட போக முடியுமா?" அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஜூமே பாவம்னு சொல்றவங்க ஒரு கல்யாண மண்டபத்துல ஒரு நாள் வேலை பாத்துட்டு வரணும். நான் சொல்றது பொழப்புக்கு எடுக்கறவங்களுக்கு இல்லை, நம்மள மாதிரி வேலை வெட்டி முடிச்சு பொழுதுபோக்கா எடுக்கறவங்களுக்கு.

கோட்டு விஷயத்தையும் அவர்கிட்ட ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் கோச்சுக்கலை. "பாதி பேர் குடுக்கற போட்டோல கழுத்துக்குக் கீழ எதுவுமே இருக்காது தம்பி. ஏதாவது ஒட்டித்தானே ஆகணும்? நிறைய பேர் அவங்களே கோட்டு போடுங்கன்னு கேப்பாங்க. உசுரோட இருந்தப்ப போட முடியாததை இப்பவாவது போடட்டும்னு." இதுக்கு நான் என்ன சொல்றது? வாயை மூடிக்கிட்டு டீ குடிச்சேன்.

'போன்லயே பண்ணலாமே'ன்னு கேக்கறவங்களுக்கு. பண்ணலாம். ஆனா இப்ப வர்ற போன்ல மெயின் லென்ஸே பழைய கணக்குக்கு 24, 26 எம்எம் மாதிரி அகலமா இருக்கு. நின்ன எடத்துலேர்ந்தே எல்லாம் உள்ள வந்துடும். எல்லாம் உள்ள வந்துடறதாலதான் எங்க தாத்தா கேக்குக்குப் பின்னாடி பாதி மொகமா நிக்கறார். அதோட அந்தப் போன்லயே ஆபீஸ் மெசேஜும் வருது. படம் எடுக்கலாம்னு எடுத்தா 'பில்டு உடைஞ்சிடுச்சு'ன்னு ஒருத்தன் கூப்பிடுவான். கேமராவுல அந்தத் தொல்லை இல்லை.

'தினமும்'ங்கற ரூல்லதான் எனக்கு இப்பவும் சம்மதமில்லை. பன்னெண்டாம் நாள், இருபதாம் நாள், இருபத்தி நாலாம் நாள் மூணும் ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு பல்லு தேய்க்கற பிரஷ்ஷையும் செருப்பையும் எடுத்து ஒப்பேத்தினது. அதை ஒழுக்கம்னு சொல்றாங்க, எனக்கு அது டைம் ஷீட் போடற மாதிரி இருந்துச்சு. அதுக்கு லிவிங்ஸ்டன் மாதிரி ஒரு வெறி வேணும். அடுத்த தடவை லென்ஸ் ரூலை வெச்சுக்குவேன், தினம்ங்கறதை வாரத்துல நாலு நாளாக்கிடுவேன்.

ஆயா விஷயம் பாக்கி. அவங்க ஆடி ஒண்ணாந்தேதியே சொல்லிட்டாங்க: "எங்கிட்ட அதை இஸ்துகினு வராத." போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்ங்கற பேச்செல்லாம் இல்லை, சும்மா புடிக்காது. நானும் கேக்கலை. தினம் வீட்டுக்கு வந்ததும் அன்னிக்கு எடுத்ததை கேமரா திரையில காட்டுவேன், அவ்வளவுதான். தறிக்காரத் தாத்தா படத்தை மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கிப் பாத்தாங்க. ஆடி 27 அன்னிக்கு நான் வீட்லேர்ந்து வேலை பாத்துட்டிருக்கேன், மீட்டிங் ஓடுது. வெளக்கெண்ணெய் கலர்ல ஒரு பழைய சுங்குடி சேலை, மூக்குத்தியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு வந்து வாசல்ல உக்காந்தாங்க.

"எடு."

மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டு ஓடினேன். காத்து வேற, ஆடிக் காத்து, தலைமுடி பறக்குது. ஒரு மீட்டர்ல உக்காந்து பதினஞ்சு படம் எடுத்தேன். நடுவுல எங்கயோ பாத்துக்கிட்டு சொன்னாங்க: "நான் போனப்புறம் ஓட்டு கார்டை இட்டுகினு ஓடாதீங்க. கோட்டு கீட்டு போட்டீங்க, பேயா வந்துடுவேன்."

ஸ்டுடியோ அண்ணன்கிட்ட பன்னெண்டுக்கு பதினஞ்சு சைஸ்ல பிரின்ட் போட்டேன். பின்னாடி நீலக்கலர் வேணாமான்னு பழக்கதோஷத்துல ஒரு தடவை கேட்டார். வேணாம்ணேன்னு சொன்னேன். பணம் வாங்க மாட்டேன்னுட்டார்.

ஆயா அதை ஜன்னல்கிட்ட கொண்டு போய் வெளிச்சத்துல ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் திருப்பிக் குடுத்துட்டாங்க. இடது காது தோடு தெரியலையாம். ஆவணி பொறந்தாச்சு, திரும்ப எடுக்கணும்.

டிஸ்கி: கேமராவை அடுத்த மாசத்துக்கு யாருக்காவது கடன் குடுக்கலாம்னு இருக்கேன். பொன்னேரி, கவரைப்பேட்டை, பெரியபாளையம் பக்கத்துல இருக்கறவங்க கேளுங்க. 35 எம்எம் மட்டும்தான் தருவேன். பேட்டரி நீங்களே சார்ஜ் போட்டுக்கணும்.